டக்ளஸ் தனிமரம் அல்லர்

ஃபிரெடரிக் டக்ளஸ் 1818 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், டால்பட் கவுண்டியில் அடிமையாகப் பிறந்தார். 1895 பிப்ரவரி 20 அன்று வாஷிங்டனில் மறைந்தபோது, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தலைசிறந்த பேச்சாளர், பத்திரிகை ஆசிரியர், மூன்று தன்வரலாறுகளை எழுதியவர், ஹெய்ட்டி நாட்டில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் என்று உலகம் அவரை அறிந்திருந்தது. பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவில் நிகழ்ந்த இந்த ஏற்றத்தை விளக்க ஒரு கதை வேரூன்றிவிட்டது. ஒளிந்து ஒளிந்து எழுத்துக் கற்றார், அடிக்க வந்தவரைத் திருப்பி அடித்தார், தன்னந்தனியாகத் தப்பினார், சொந்த உழைப்பால் உயர்ந்தார். மனஉறுதி இருந்தால் எந்த விலங்கும் உடையும் என்பது அந்தக் கதை சொல்லும் நீதி. தன்முன்னேற்ற நூல்களிலும் பள்ளி விழா மேடைகளிலும் உலவுகிற டக்ளஸ் இவர்தான்.

கேட்க இனிமையான இந்தக் கதை உண்மைக்கு ஒத்துவரவில்லை. அதை மறுக்க வேறு சான்று தேடி அலைய வேண்டியதும் இல்லை. டக்ளஸ் தம் கைப்பட எழுதியவையே போதும். அவரது வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு யாரோ தம் முதுகையோ பணத்தையோ உயிரையோ பணயம் வைத்திருக்கிறார்கள். அவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், நடந்தது எப்படி நடந்தது என்றே சொல்ல முடியாது.

எழுத்தறிவிலிருந்தே தொடங்கலாம். 1826-இல், எட்டு வயதில், டக்ளஸ் பால்டிமோர் நகரத்தில் ஹியூ ஆல்ட் என்பவரின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கே சோஃபியா ஆல்ட் அவருக்கு அகரவரிசையும் சிறு சொற்களும் சொல்லிக்கொடுத்தார். படித்த அடிமை அடங்கி நடக்கமாட்டான் என்று கணவர் தடுத்ததும் பாடம் நின்றது. இதற்குப் பிறகு பையன் தானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டான் என்பது வழக்கமான கதை. டக்ளஸ் சொல்வதோ வேறு. வீட்டிலிருந்து ரொட்டித் துண்டுகளை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போவார். பசித்திருந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு அதைக் கொடுத்து, பதிலுக்கு எழுத்துக் கற்றுக்கொள்வார். அவர்கள் குடியிருந்தது ஃபில்பாட் தெரு என்பதை 1845-இல் வெளிவந்த முதல் தன்வரலாற்றில் குறிப்பிட்டவர், பெயர்களை மட்டும் சொல்லவில்லை. அடிமைக்கு எழுத்துச் சொல்லித்தருவது அந்த ஊரில் மன்னிக்க முடியாத குற்றமாக எண்ணப்பட்டதால், பெயர் வெளிவந்தால் அவர்களுக்குச் சங்கடம் நேரும் என்று காரணமும் எழுதினார். இந்த மௌனத்தின் பொருள் பின்னால் இன்னும் தெளிவாகும்.

இன்னும் இருவர் இங்கே உண்டு. சார்லஸ் லாசன் வண்டியோட்டிப் பிழைத்த முதிய கறுப்பினத்தவர், ஆழ்ந்த பக்தர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறிய அவருக்குச் சிறுவன் பைபிள் படித்துக்காட்டினான். உனக்கு ஒரு பெரிய பணி காத்திருக்கிறது என்று அவர் சிறுவனுக்கு நம்பிக்கை ஊட்டினார். அவரைப் பார்க்கப் போனால் சாட்டையடி என்று ஹியூ ஆல்ட் மிரட்டிய பிறகும் இந்தச் சந்திப்பு நிற்கவில்லை. மற்றொருவர் டக்ளஸின் தாய் ஹாரியட் பெய்லி. சுமார் 19 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பண்ணையில் வேலை செய்த அவர், பகல் வேலை முடிந்து நடந்துவந்து இரவில் மகனைப் பார்த்துவிட்டு, விடியுமுன் திரும்பிவிடுவார். டக்காஹோ பகுதியிலிருந்த கறுப்பினத்தவர் அனைவரிலும் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பது, அவர் இறந்த பிறகே மகனுக்குத் தெரிந்தது. டக்ளஸின் அறிவுக்கு அவருடைய வெள்ளைத் தந்தையின் இரத்தமே காரணம் என்று அக்காலத்தில் பேசியவர்கள் உண்டு. எழுத்தின் மீதான தமது பற்று தாயிடமிருந்து வந்தது என்று 1855-இல் வெளியான இரண்டாம் தன்வரலாற்றில் அவர் பதில் எழுதினார்.

அடுத்தது, கதையின் உச்சக் காட்சி. 1834 ஆகஸ்டில், பதினாறு வயதில், அடிமைகளை ‘அடக்கிக் கொடுப்பதில்’ பேர்போன எட்வர்ட் கோவி என்ற குத்தகை விவசாயியுடன் டக்ளஸ் கைகலந்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீடித்த சண்டையில் கோவியால் அவரை வீழ்த்த முடியவில்லை. அதன்பின் கோவி அவர்மேல் கை வைக்கவே இல்லை. ஒற்றை ஆளின் வீரத்துக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது என்றுதான் தோன்றும்.

ஆனால் அன்று காலை அந்தத் தொழுவத்தருகே இருந்தவர்கள் இருவர் மட்டும் அல்லர். மூச்சிரைத்த கோவி, வாடகைக்கு அமர்த்தப்பட்டிருந்த பில் என்ற அடிமையை உதவிக்கு அழைத்தார். என் உரிமையாளர் என்னை இங்கே அனுப்பியது வேலை செய்யத்தான், பிறரை அடிக்க உதவுவதற்கு அன்று என்று சொல்லிவிட்டு பில் தன் வேலையைப் பார்க்கப் போனார். அடுத்து வந்தவர் கரோலின். குழந்தை பெற்றுத் தரவென்றே கோவி விலைக்கு வாங்கியிருந்த பெண் அவர். உடல்வலு மிக்கவர், களைத்துப்போயிருந்த தன்னை அவர் நினைத்திருந்தால் எளிதில் மடக்கியிருக்கலாம் என்று டக்ளஸே எழுதுகிறார். பிடி என்று கோவி கத்தியும் கரோலின் பிடிக்கவில்லை. பில் வேறொருவரின் உடைமை; அவரைக் கோவி தம் விருப்பத்துக்கு அடிக்க முடியாது. கரோலினுக்கு அந்தக் காப்பு இல்லை. மறுத்ததற்காகப் பலத்த அடிகளை அவர் வாங்கினார்.

அன்று காலை அங்கிருந்த எல்லோரும் கலகத்தில் இறங்கியிருந்தோம் என்பதே 1855 நூலில் டக்ளஸ் தரும் சித்திரம். முதல் நூலில் சண்டைக் காட்சியில் கரோலின் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து எழுதியபோது அவருக்கு உரிய இடத்தைத் தந்தார். டக்ளஸ் அன்று வென்றார் என்பது உண்மை. அந்த வெற்றியின் விலையில் ஒரு பங்கை வேறொரு பெண்ணின் உடல் கொடுத்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை. முதலாவதை மட்டும் சுவரொட்டியாக்குவது வரலாறு ஆகாது.

கோவியிடமிருந்து வில்லியம் ஃபிரீலாந்தின் பண்ணைக்குப் போன டக்ளஸ், அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்தினார். சுதந்திரமாக வாழ்ந்த ஒரு கறுப்பினத்தவர் தம் வீட்டை அதற்குக் கொடுத்தார். ஒரு கட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே படித்தனர். பிடிபட்டால் ஒவ்வொருவருக்கும் சாட்டையடி உறுதி. அந்த நட்பிலிருந்துதான் 1836 ஈஸ்டரை ஒட்டிய தப்பும் திட்டம் பிறந்தது. செசபீக் விரிகுடாவில் படகேறி வடக்கே போவது, கைவசம் டக்ளஸ் எழுதிய போலி அனுமதிச் சீட்டுகள் என்பது ஏற்பாடு. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

துப்பாக்கிகளோடு வந்தவர்கள் கையைக் கட்ட முனைந்தபோது, திட்டத்தில் சேர்ந்திருந்த ஹென்றி ஹாரிஸ் மறுத்தார். சுடுவோம் என்று மிரட்டியும் அவர் அசையவில்லை. அவரை எல்லோரும் மடக்கிக்கொண்டிருந்த குழப்பத்தில் டக்ளஸ் தம் அனுமதிச் சீட்டை அடுப்பு நெருப்பில் போட்டார். சிறைக்கு இழுத்துச் செல்லப்பட்ட வழியில், என் சீட்டை என்ன செய்வது என்று ஹென்றி கேட்க, ரொட்டியோடு சேர்த்துத் தின்றுவிடு என்று பதில் வந்தது. எதையும் ஒப்புக்கொள்ளாதே என்ற செய்தி கைதிகளுக்குள் பரவியது. எழுத்துச் சான்று ஒன்றும் சிக்கவில்லை. கைதானவர்களில் ஒருவரும் மற்றவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலைவன் என்று அடையாளம் காணப்பட்ட டக்ளஸைத் தெற்கே பருத்தித் தோட்டங்களுக்கு விற்காமல், உரிமையாளர் தாமஸ் ஆல்ட் மீண்டும் பால்டிமோருக்கே அனுப்பினார். அந்த முடிவு வேறுவிதமாக இருந்திருந்தால், உலகம் டக்ளஸ் என்ற பெயரையே கேட்டிருக்காது. மனஉறுதியில் ஹென்றி ஹாரிஸ் எந்த வகையிலும் குறைந்தவர் அல்லர். அவரைப் பற்றி எந்தச் சுவரொட்டியும் இல்லை.

பால்டிமோர் என்ற ஊரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1830-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அந்நகரத்தில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவர் அங்கிருந்த அடிமைகளைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தனர். கப்பல் பலகைகளின் இடுக்கில் நாரைத் திணித்துக் கீல் பூசும் வேலையில் டக்ளஸ் தேறியது அங்கேதான். அதே தொழில் செய்த சுதந்திரக் கறுப்பின இளைஞர்கள் நடத்திய விவாதக் கழகத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். அடிமைகளுக்கு இடம் இல்லாத அந்தக் கழகம் அவருக்காக விதியைத் தளர்த்தியது. பின்னாளில் இரண்டு கண்டங்களை அதிரவைத்த குரல் பழகிய இடங்களில் ஒன்று அது. பால்டிமோரில்தான் ஆனா மர்ரியையும் அவர் சந்தித்தார். சுதந்திரப் பெண்ணாகப் பிறந்து, வீட்டு வேலை செய்து பணம் சேர்த்தவர் ஆனா.

1838 செப்டம்பர் 3 அன்று டக்ளஸ் மாலுமி உடையில் ரயிலேறினார். பயணச் செலவுக்கு ஆனாவின் சேமிப்பு உதவியது; தம் இறகு மெத்தை ஒன்றையும் அவர் விற்றார் என்று மகள் ரொசெட்டா பின்னர் பதிவு செய்தார். கையிலிருந்த மாலுமிச் சான்றிதழ் ஒரு நண்பருடையது. அதில் எழுதியிருந்த அங்க அடையாளம் டக்ளஸுக்குப் பொருந்தவில்லை; நடத்துநர் அதை ஊன்றிப் படித்திருந்தால் இருவரும் சிக்கியிருப்பார்கள். நிலையத்தில் நின்றால் சோதிப்பார்கள் என்பதால், வண்டி நகரும் தறுவாயில் மூட்டையோடு வந்து சேர்ந்தார் ஐசக் ரோல்ஸ் என்ற வண்டிக்காரர். 24 மணி நேரத்துக்குள் டக்ளஸ் நியூயார்க்கில் இருந்தார்.

தனியாளின் சாகசம் என்றால் அது அங்கேயே முடிந்திருக்க வேண்டும். நியூயார்க்கில் கையில் காசில்லாமல், யாரை நம்புவது என்று தெரியாமல், துறைமுகத்துப் பீப்பாய்களின் நடுவே தூங்கியவரை ஒரு மாலுமி டேவிட் ரக்கிள்ஸிடம் கொண்டுசேர்த்தார். தப்பி வந்தவர்களைக் காக்கும் நியூயார்க் விழிப்புக் குழுவின் செயலாளர் ரக்கிள்ஸ். டக்ளஸை ஒளித்துவைத்தார், ஆனாவை வரவழைத்தார், செப்டம்பர் 15 அன்று அவர் வீட்டிலேயே திருமணம் நடந்தது. அதை நடத்திவைத்த போதகர் ஜேம்ஸ் பென்னிங்டனும் மேரிலாந்திலிருந்து தப்பி வந்தவரே. நியூ பெட்ஃபோர்டு நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டிக் கட்டணம் கொடுக்க வழியின்றி மூட்டைகளை வண்டிக்காரர் பிடித்துவைத்துக்கொண்டார். நேதன் ஜான்சன் என்ற கறுப்பினத்தவர் இரண்டு டாலர் கொடுத்து அவற்றை மீட்டார். ‘டக்ளஸ்’ என்ற புதிய பெயரைத் தேர்ந்து தந்தவரும் அவரே.

இவ்வளவும் நடந்திருக்க, தனிமனிதக் கதை எங்கிருந்து வந்தது? இதற்கு விடை எளிது. 1845-இல் முதல் தன்வரலாறு வெளிவந்தபோது அமெரிக்காவில் அடிமைமுறை உயிரோடு இருந்தது. தப்பிய வழியைச் சொன்னால் உதவியவர்கள் தண்டிக்கப்படுவார்கள். அதே வழியில் பின்னால் வர இருப்பவர்களின் பாதையும் அடைபடும். ஆகவே அந்த விவரங்களை வேண்டுமென்றே மறைக்கிறேன் என்று டக்ளஸ் அந்த நூலிலேயே வெளிப்படையாக எழுதினார். முழு விவரம் 1881-இல், அடிமைமுறை ஒழிந்து பதினாறு ஆண்டுகள் ஆன பிறகே வெளிவந்தது. ஆக, முதல் நூலில் வாசகர் காணும் தனிமை, தோழர்களைக் காப்பாற்ற அவர் இட்ட திரை. அந்தத் திரையையே உண்மை என்று எடுத்துக்கொண்டவர்கள்தான் தனிமனிதக் கதையைக் கட்டினார்கள். ஆனாவை அவர் தம் நூல்களில் சில வரிகளோடு கடந்துபோனதற்கு மட்டும் இந்தக் காரணம் பொருந்தாது. அது அவர் பக்கத்துக் குறைதான்.

திறமையும் உழைப்பும் இருந்தால் போதும் என்ற வாதத்துக்கு நியூ பெட்ஃபோர்டே நேரடியான மறுப்பு. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் நிறைந்த அந்தத் துறைமுகத்தில் டக்ளஸின் தொழிலுக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு டாலர் கூலி. கப்பல் உரிமையாளர் வேலை கொடுக்கத் தயாராக இருந்தார். கறுப்பன் கை வைத்தால் நாங்கள் வெளியேறுவோம் என்று வெள்ளைத் தொழிலாளர்கள் தடுத்தனர். கைதேர்ந்த தொழிலாளி விறகு அறுத்து, எண்ணெய்ப் பீப்பாய் உருட்டி, ஒரு டாலருக்கு மூட்டை தூக்கினார். அடிமைமுறை இல்லாத மாநிலத்தில், சோம்பல் அறியாத மனிதருக்கு நேர்ந்தது இது. அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது இயக்கம். கறுப்பினத்தவரின் தேவாலயம் பேசப் பழக்கியது. 1841 ஆகஸ்டில் நான்டக்கெட் கூட்டத்தில் பேசியதைக் கேட்ட அடிமை ஒழிப்புச் சங்கம் அவரை முழுநேரப் பேச்சாளராக்கியது.

இங்கே எதிர்ப் பக்கத்துத் தவறு ஒன்றையும் மறுத்தாக வேண்டும். அப்படியானால் வெள்ளை வள்ளல்கள் உருவாக்கிய மனிதர்தானே டக்ளஸ் என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் பொருந்தாது. சங்கத்து நண்பர்கள் நடந்ததை மட்டும் சொல், தத்துவத்தை எங்களிடம் விட்டுவிடு என்று அவரைக் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள், அவர் இணங்கவில்லை. தமக்கு ஆசானாக இருந்த வில்லியம் லாயிட் கேரிசன் அமெரிக்க அரசியலமைப்பை அடிமைமுறையின் ஆவணம் என்று ஒதுக்கினார். அதே ஆவணத்தை அடிமைமுறைக்கு எதிரான ஆயுதமாகப் பயன்படுத்தலாம் என்று 1851-இல் டக்ளஸ் அறிவித்தபோது இருவரும் பிரிந்தனர். கூட்டு முயற்சி என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்குவது அன்று. பலரும் இழக்கத் துணிந்து ஒன்றுக்காக நிற்பது. ரக்கிள்ஸும் பென்னிங்டனும் ஜான்சனும் வள்ளல்கள் அல்லர், தோழர்கள்.

பிந்தைய ஆண்டுகளும் இதையே காட்டுகின்றன. முதல் நூல் அவரை அடையாளம் காட்டிவிட்டதால் பிடித்துச் செல்லப்படும் அபாயம் வந்தது. 1845-இல் பிரிட்டனுக்குக் கப்பலேறினார். நியூகாசிலைச் சேர்ந்த எலன் ரிச்சர்ட்சன், ஆனா ரிச்சர்ட்சன் ஆகியோர் திரட்டிய 150 பவுனைக் கொண்டு 1846 டிசம்பரில் அவர் சட்டப்படி விடுதலை பெற்றார். அவர் கடல் கடந்திருந்த காலத்தில் லின் நகரத்தில் காலணி தைக்கும் வேலை செய்து குழந்தைகளைக் காப்பாற்றியவர் மனைவி ஆனா. 1847 டிசம்பர் 3 அன்று ராச்செஸ்டரில் ‘நார்த் ஸ்டார்’ இதழ் தொடங்கியது. கடனில் மூழ்கிய அதை, இங்கிலாந்திலிருந்து வந்த ஜூலியா கிரிஃபித்ஸ் கணக்கு வழக்கைச் சீர்செய்து, நிதிச் சந்தைகள் நடத்தி மீட்டார். 1850-இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டம் கடுமையானபின், அந்த ராச்செஸ்டர் வீடு கனடாவுக்குப் போவோரின் தங்குமிடமாயிற்று. எந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டாலும் எழுந்து உணவு கொடுத்தவர் ஆனா.

உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் சேர்ந்தனர். அவர்களைத் திரட்டுவதில் டக்ளஸ் முன்நின்றார். லூயிஸ், சார்லஸ் ஆகிய மகன்கள் 54-ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தனர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர்; கறுப்பினச் சிப்பாய்க்குப் பிடித்தம் போக 7 டாலர். 1863 ஆகஸ்டில் டக்ளஸ் அதிபர் லிங்கனை நேரில் சந்தித்து நியாயம் கேட்டார். பொறுத்திருக்கச் சொல்லும் பதிலே கிடைத்தது. 54-ஆவது படைப்பிரிவினரோ, சமமான சம்பளம் வரும்வரை ஒரு காசும் வேண்டாம் என்று மாதக்கணக்கில் சம்பளத்தையே மறுத்தபடி போரிட்டனர். 1864 ஜூனில் நாடாளுமன்றம் சம்பளத்தைச் சமமாக்கியது. நாட்டின் மிகச் சிறந்த நாவு கேட்டு உடனே கிடைக்காதது, பெயர் தெரியாத சிப்பாய்களின் ஒற்றுமையும் சேர்ந்து அழுத்தியபோது கிடைத்தது.

தனிமனிதக் கதையை ஆதரிப்பவர்கள் கடைசியாக எடுத்துக்காட்டுவது, ‘தாமே உருவான மனிதர்கள்’ என்ற டக்ளஸின் புகழ்பெற்ற உரை. 1859 முதல் பல பத்தாண்டுகள், பல ஊர்களில் அவர் நிகழ்த்திய உரை அது. உழைப்பின் சிறப்பை அதில் உயர்த்திப் பிடிக்கிறார் என்பது மெய்யே. ஆனால் உரையின் தொடக்கத்திலேயே, சரியாகச் சொன்னால் தாமாக உருவான மனிதர் என்று ஒருவரும் இல்லை, நாம் எல்லோரும் முன்னோரிடமும் உடன் வாழ்வோரிடமும் கடன்பட்டவர்கள் என்கிறார். கறுப்பினத்தவருக்கு நியாயமான வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்கும் இடத்தில், ஆயிரம் ஆண்டு அனுகூலத்தோடு தொடங்குபவருக்கு எதிரே ஒன்றுமில்லாதவரை வெறுங்கையோடு நிறுத்துவது நியாயம் ஆகாது என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

1865 ஜனவரியில் பாஸ்டனில் அவர் ஆற்றிய உரைக்கும் இதே கதி. எங்களை எங்கள் போக்கில் விடுங்கள் என்று அதில் அவர் சொன்னதை, 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதை எதிர்த்த தம் மாறுபட்ட தீர்ப்பின் முகப்பில் வைத்தார். அந்த உரையின் மையக் கோரிக்கை கறுப்பினத்தவர் அனைவருக்கும் உடனடியாக, நிபந்தனையின்றி வாக்குரிமை வேண்டும் என்பது. அரசு விலகி நிற்க வேண்டும் என்று கேட்டவர் அதே மூச்சில் சட்டத்தைக் கேட்டிருக்கமாட்டார். காலைத் தட்டிவிடாதே என்று அவர் சொன்னதை, கைகொடுக்காதே என்று சொன்னதாகத் திரிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அன்று.

இந்தத் திரிப்பினால் யாருக்கு இழப்பு என்பதையும் பார்க்க வேண்டும். 1860-இல் அமெரிக்காவில் அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். மனஉறுதி ஒன்றே விலங்கை உடைக்கும் என்றால், உடைக்காத அத்தனை பேரும் உறுதியற்றவர்கள் என்றாகிறது. குற்றம் சட்டத்திடமிருந்து இடம் மாறி, விலங்கு பூட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. டக்ளஸின் சொந்த அண்ணன் பெரி, டெக்சாஸுக்கு விற்கப்பட்ட மனைவியைத் தேடி அங்கேயே போனவர், எழுத்தறியாதவர். 1867-இல் குடும்பத்தோடு அவர் ராச்செஸ்டருக்கு வந்து சேர்ந்தபோது, அவர்கள் தங்கத் தம்பி தம் நிலத்தில் வீடு கட்டிக்கொடுத்தார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளான இருவரில் ஒருவர் உலகப் புகழ் பெற்றதற்கும் மற்றவர் பெயரின்றிப் போனதற்கும் காரணம் மனஉறுதியின் அளவு என்று சொல்ல, டக்ளஸ் ஒருபோதும் துணியவில்லை.

அவரது மேதைமையை மறுக்க யாராலும் முடியாது, மறுக்கவும் வேண்டியதில்லை. அடி வாங்கிய கரோலினும், மெத்தையை விற்ற ஆனாவும், கையைக் கட்டவிடாமல் நின்ற ஹென்றியும், இரண்டு டாலர் கொடுத்த ஜான்சனும் அந்த மேதைமைக்குப் பேச ஒரு மேடையை உண்டாக்கித் தந்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது. டக்ளஸின் வாழ்க்கை ஒரு தனிமனித வெற்றி அன்று. அது ஓர் இயக்கத்தின் வெற்றி. அதை அப்படித்தான் பாடநூல்கள் எழுத வேண்டும்.